சந்தைக்கு வரும் சேவல்... வீட்டை விட்டு நகராத பெட்டை! - அய்யலூர் பக்கத்து அசில் கோழி வீடுகள்

வியாழக்கிழமை என்றால் அய்யலூருக்கு விடியும் முன்பே விடிந்துவிடும். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில், வடமதுரையைத் தாண்டினால் வரும் ஊர் இது. லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டுப் போகும் வண்டிகருப்பணசாமி கோயில், தக்காளி மார்க்கெட், சுற்றிலும் மலைகள். இவை எல்லாவற்றையும்விட அதிகம் பேரை இழுத்து வருவது வாரச்சந்தைதான்.

சந்தையில் பெரிய வியாபாரம் ஆடு. ஆட்டுக் கூட்டத்தைத் தாண்டிப் போனால் கோழிக்காரர்கள் நிற்பார்கள். டி.வி.எஸ். 50 வண்டியில் கூடை கட்டி வந்தவர்கள், சாக்குப்பையில் தலை மட்டும் வெளியே தெரியச் சேவலைச் சுமந்து வந்தவர்கள், கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள் என்று பலவகை. கறிக்கோழிக்கு அங்கே எடைதான் பேச்சு. தூக்கிப் பார்ப்பார்கள், விலை சொல்வார்கள், முடிந்தது.

அசில் சேவலுக்கு வியாபாரம் அப்படி நடக்காது. வாங்க வந்தவர் முதலில் காலைப் பிடித்துப் பார்ப்பார். முள் எப்படி இறங்கியிருக்கிறது, கழுத்து எவ்வளவு கனம், கண் என்ன நிறம், கொண்டை அமுங்கி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"எத்தனை மாசம்ணே?"

அடுத்த கேள்விதான் விலையைத் தீர்மானிக்கும்.

"யாரு வீட்டுக் கோழி?"

சேவலின் அப்பனைப் பற்றி விசாரிப்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் ஆத்தாளைப் பற்றியும் விடாமல் விசாரிப்பார்கள். ஆனால், அந்தத் தாய்க்கோழியை அவ்வளவு சுலபமாகச் சந்தையில் பார்க்க முடியாது. அது ஏதோ ஒரு தோட்டத்து வீட்டில், மாட்டுக் கொட்டகை மூலையில் கூடைக்குள் அடை காத்துக்கொண்டிருக்கும்.

அசலும் அசிலும்

'அசல்' என்று தினமும் சொல்கிறோமே, அந்தச் சொல்லும் 'அசில்' என்பதும் ஒரே அரபு வேரில் இருந்து வந்தவை. கலப்பில்லாத, நல்ல பிறப்பு உடைய என்பது பொருள். இந்தியாவின் பதிவுபெற்ற கோழி இனங்களில் அசிலும் ஒன்று. ஆந்திரம், சத்தீஸ்கர், ஒடிசா பகுதிகளை அதன் தாயகமாகக் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கட்டுச்சேவல், சண்டைக்கோழி, பெருவிடை என்று பல பெயர்களில் இந்த வகைக் கோழிகள் வளர்கின்றன. குப்பையைக் கிளறித் திரியும் சின்ன நாட்டுக்கோழிக்குச் சிறுவிடை என்று பெயர்.

அசிலைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நீண்ட கழுத்து, நிமிர்ந்த நெஞ்சு, உடம்போடு ஒட்டிய இறகு, கனத்த கால், சின்னதாக அமுங்கிய கொண்டை, தாடி இல்லை என்றே சொல்லலாம். வளர்ந்த சேவல் 4 கிலோவைத் தொடும். நிறத்தை வைத்துக் காகம், கீரி, மயில், வல்லூறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சேவலாகப் பிறந்தும் பெட்டையைப் போல இறகு இருந்தால் அது 'பேடு'.

பிராய்லர் கடையில் வாங்கும் கோழிக்கும் அசிலுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்து இங்கிலாந்துக்குப் போன அசிலை அங்கே கார்ன்வால் பகுதியில் வேறு இனங்களோடு சேர்த்து 'கார்னிஷ்' என்ற கோழியை உருவாக்கினார்கள். இன்றைய கறிக்கோழியின் அகலமான நெஞ்சு, அந்தக் கார்னிஷ் வழியில் வந்தது. அசிலின் நெஞ்சை எடுத்துக்கொண்ட கறிக்கோழி, அதன் பொறுமையை எடுத்துக்கொள்ளவில்லை. பிராய்லர் ஆறேழு வாரத்துக்குள் கறிக்குத் தயார். அசில் சேவல் முழுசாகத் திரள ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

சேவலை விற்பார்கள்... பெட்டையைக் கொடுக்க மாட்டார்கள்!

நல்ல வம்சம் வைத்திருக்கும் வீட்டில் போய், "ஒரு பெட்டை கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்கள். "சேவல் வேணா எடுத்துக்கங்க தம்பி" என்பார்கள். காரணம் எளிது. சேவல் போனால் ஒரு சேவல் போச்சு. பெட்டை போனால் அந்த வீட்டுக் கோழி இன்னொரு வீட்டுக் கோழி ஆகிவிடும்.

அசில் பெட்டை முட்டை இடுவதில் கஞ்சம். பண்ணையில் கூண்டுக்குள் இருக்கும் முட்டைக்கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். அசில் ஒரு ஈட்டுக்கு 8 முதல் 12 முட்டை இட்டுவிட்டு அடைக்குப் போய்விடும். பொரித்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிந்து, அடுத்த ஈட்டுக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். வருடத்துக்கு மூன்று ஈடு கிடைத்தால் நல்ல கோழி. அதனால் ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு உண்டு.

அந்தக் கணக்கு பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடம் இருக்கிறது. சேவலைக் குளிப்பாட்டுவதும், பாதாம் ஊட்டுவதும், பொழுது சாய்ந்ததும் நடக்க விடுவதும் ஆண்களின் வேலை. எந்தப் பெட்டை என்றைக்கு முட்டை இட ஆரம்பித்தது, எந்தப் பெட்டை முட்டையை உடைக்கும், எது பருந்தைக் கண்டால் எகிறும், எது குஞ்சை மிதிக்கும் என்பது வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். யாருக்காவது பெட்டையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வாரத்துக்கு விடுவார்கள். வளர்ப்பவர் வளர்த்து, பொரித்த குஞ்சில் பாதியைத் திருப்பித் தரவேண்டும். ஆந்திராவின் கோதாவரிப் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. அங்கே அதற்கு 'வாட்டா' என்று பெயர். கோழி இல்லாத வீட்டுக்கும் கோழி போய்ச் சேருவதற்கு ஏழைகள் கண்டுபிடித்த வழி இது.

சேர்க்கையிலும் கவனம் தேவை. ஒரு சேவலுக்கு மூன்று நான்கு பெட்டைக்கு மேல் விடமாட்டார்கள். ஒருமுறை சேவல் சேர்ந்தால், அடுத்த இரண்டு வாரம் வரைகூடப் பெட்டை கருவுள்ள முட்டை இடும். ஆகவே, 'இந்தச் சேவலின் குஞ்சுதான் வேண்டும்' என்று நினைப்பவர்கள், மற்ற சேவல்களிடம் இருந்து பெட்டையை மூன்று வாரமாவது பிரித்து வைக்க வேண்டும். அவசரப்பட்டால், பக்கத்து வீட்டுச் சிறுவிடைச் சேவலின் குஞ்சுதான் பொரிந்து வரும்!

கூடைக்குள் 21 நாள்

இட்ட முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிடுவார்கள். மணல் போட்ட சட்டியிலோ, தானியப் பானையிலோ கூர்முனை கீழே இருக்கும்படி வைப்பார்கள். கழுவக் கூடாது. முட்டை ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டை என்றால் நன்றாகப் பொரியும். கோடையில் அதற்கும் முன்பே அடை வைத்துவிடுவது நல்லது.

பெட்டை அடைக்கு வந்துவிட்டது என்பது அதன் குரலிலேயே தெரியும். கொக்கரிப்பு மாறி 'க்ளக்... க்ளக்...' என்று அடித்தொண்டையில் இருந்து வரும். கூட்டை விட்டு எழாது. கையைக் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். நெஞ்சுப் பக்கத்து இறகு உதிர்ந்து, சூடான வெறும் தோல் முட்டையில் படும்.

பழைய கூடையில் மணலோ சாம்பலோ பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, நடுவில் குழி செய்கிறார்கள். கோழிப்பேன் வராமல் இருக்க வேப்பிலை. இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதற்காக ஓர் இரும்புத் துண்டு, ஓர் அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய் கூடைக்குள் போகும். விஞ்ஞானம் இதற்குச் சான்று தரவில்லை. இருந்தாலும் மிளகாய் போடாமல் அடை வைத்த பாட்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடை வைப்பது ராத்திரியில்தான். இருட்டில் கோழி மிரளாமல் உட்கார்ந்துகொள்ளும். காலையில் கண் விழிக்கும்போது, இது தன் கூடு என்று ஏற்றுக்கொண்டிருக்கும். 10 முட்டை, மிஞ்சினால் 12. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போகாது.

தினமும் ஒருமுறை, கால் மணி நேரம் போல, பெட்டை எழுந்து வரும். கம்போ சோளமோ தின்று, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பி ஓடும். பகலிலும் ராத்திரியிலும் அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். இதை அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஏழாம் நாள் ராத்திரி பரிசோதனை. முன்பு சிம்னி விளக்கு, இப்போது செல்போன் டார்ச். இருட்டு அறையில் முட்டையின் அகன்ற பக்கத்தில் வெளிச்சத்தை வைத்தால், உயிருள்ள முட்டையில் சிலந்தி கால் விரித்தது போல ரத்த நாளங்கள் தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி. அது அசைந்தால் வீட்டில் உள்ள குழந்தைகள் அன்றைக்குத் தூங்க மாட்டார்கள்! ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. எடுத்துவிட வேண்டும். விட்டால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

அசில் பெட்டைக்கு ஒரு குறை உண்டு. உடம்பு கனம். உட்காரும்போது சில பெட்டைகள் முட்டையை நசுக்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில், அசில் முட்டையைச் சிறுவிடைக் கோழியிடம் அடை வைக்கிறார்கள். உருவத்தில் சின்ன அந்தக் கோழி, ஊராள் பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணிக் காத்துப் பொரித்து வளர்த்துவிடும். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் வளர்ப்புத் தாயை எட்டிப் பிடித்துவிடும்.

இருபதாம் நாள் வாக்கில் முட்டைக்குள் இருந்தே 'கீச்' என்று சத்தம் வரும். தாய் பதில் குரல் கொடுக்கும். 21-ஆம் நாள் ஓட்டில் சின்னதாக ஒரு விரிசல். அதற்குப் பிறகு குஞ்சு வெளியே வர அரைநாளோ அதற்கு மேலோ ஆகலாம். பாவப்பட்டு ஓட்டை உரித்து உதவுவது பெரிய தவறு. அந்த நேரத்தில்தான் மிச்சமுள்ள மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, ஓட்டோடு ஒட்டிய ரத்த நாளங்கள் காய்கின்றன. முன்பே பிரித்தால் ரத்தம் வந்து குஞ்சு செத்துப்போகும். உள்ளே இழுத்த அந்தக் கருவே, முதல் இரண்டு நாளைக்கு அதற்குச் சோறு.

பல்பும் தெர்மாகோல் பெட்டியும்

இப்போது பல வீடுகளில் இன்குபேட்டர் வந்துவிட்டது. தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன மின்விசிறி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகியவற்றை வைத்து வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் மாறாமல் இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வைத்து ஈரப்பதத்தை 55-60 சதவிகிதத்தில் நிறுத்த வேண்டும். முட்டையை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது புரட்ட வேண்டும். 18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65-க்கு மேல் கூட்ட வேண்டும். நடுவில் சில மணி நேரம் கரன்ட் போனால், அத்தனை பாடும் வீணாகலாம்.

இதில் ஒரு லாபம் உண்டு. முட்டையை எடுத்துவிட்டால் பெட்டை சீக்கிரமே அடுத்த ஈட்டுக்கு வரும். குஞ்சு கூடும், வருமானம் கூடும். ஒரு நஷ்டமும் உண்டு. பெட்டியில் நான்கு பெட்டையின் முட்டைகள் ஒன்றாகப் பொரிந்தால், எது யார் பிள்ளை என்பது தெரியாது. கவனமானவர்கள் முட்டையிலேயே பென்சிலால் தேதியும் தாயின் அடையாளமும் எழுதுகிறார்கள். பொரித்ததும் குஞ்சின் காலில் வண்ண நூல் கட்டுகிறார்கள். எழுதாதவர்கள் வீட்டில், "யாரு வீட்டுக் கோழி?" என்ற கேள்விக்குப் பதில் உண்டு. "எந்தப் பெட்டையோட குஞ்சு?" என்றால் பதில் இல்லை.

குஞ்சு இறங்கிய பிறகு...

முதல் வாரம் சூடுதான் முக்கியம். தாய் இருந்தால் அதன் இறக்கைக்குள் போய்விடும். பெட்டியில் பொரித்ததற்குப் பல்பு வெளிச்சம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, விலகி ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம். உடைத்த கம்பு, அரிசி நொய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் தருவார்கள். பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தால் காக்கை, பருந்து, கீரி, பூனை என நான்கு எதிரிகளிடம் இருந்தும் தப்பும்.

பஞ்சாரத்தால் தடுக்க முடியாத எதிரி வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கோடையில் ஒரு வீட்டுக்கு வந்தால், தெருவே காலியாகிவிடும். பத்து வருடமாகக் காத்த வம்சம் ஒரே வாரத்தில் போன வீடுகள் உண்டு. 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் போடும் ஊசி, இவை இரண்டும்தான் காப்பு. கால்நடைத் துறையும் பிப்ரவரி வாக்கில் இருவார இலவச முகாம் நடத்துகிறது. தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டால் மருந்து கிடையாது.

ஒரு மாதம் தாண்டியதும் அசில் குணம் தெரிய ஆரம்பிக்கும். கூடப்பிறந்ததுகளே கழுத்தைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும். யாரும் தூண்டிவிடத் தேவையில்லை. மூன்று நான்கு மாதத்தில் சேவல் குஞ்சுகளைப் பிரிக்காவிட்டால், ஒன்றையொன்று கொன்றுவிடும். அதனால்தான் இந்த வீடுகளின் களத்தில் ஒவ்வொரு சேவலும் காலில் கயிறோடு, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், தனித்தனி மரத்தடியில் நிற்கிறது.

கட்டு இல்லாவிட்டால்?

இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. குறுந்தொகையில் ஒரு புலவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர். விலக்கிவிட ஆளில்லாமல் குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமாகப் போரிடுவதை உவமையாகச் சொன்னதால் அவருக்குக் கிடைத்த பெயர் அது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோழிக்கு நடுகல்லே எடுத்திருக்கிறார்கள்.

ஆனால், கத்தி கட்டிய காலும் சூதாட்டப் பணமும் வேறு கதை. விலங்குகளை மோதவிடுவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. 2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜக்தியால் மாவட்டத்தில், சேவலின் காலில் கட்டிய கத்தி பட்டு ஒருவர் இறந்தே போனார். அந்தச் சேவலைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துத் தீனி போட்டார்கள். கத்திக்கட்டில் தோற்ற சேவல் 'கோச்சை'. அதன் கறிக்குத் தனி விலை. ஒன்றரை வருடம் ஒரு வீடு ஊட்டி வளர்த்தது, சில நிமிடங்களில் கறியாகிவிடுகிறது.

"கட்டு நின்னா கோழி அழிஞ்சிரும்" என்பது ஒரு தரப்பு. அசிலை வளர்க்கும் செலவும் சிரமமும் சண்டைக்காகத்தான், அது இல்லாவிட்டால் யார் வளர்ப்பார்கள் என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், திண்டுக்கல் பக்கத்திலேயே இன்னொரு பதிலும் கிடைக்கிறது. கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்கு இங்கே கண்காட்சி நடத்துகிறார்கள். கிளியைப் போல வளைந்த மூக்கு, விசிறியாக நீண்டு விரியும் வால், கண், உயரம் இவற்றுக்குத்தான் பரிசு. ரத்தம் சிந்தாமலேயே பெரிய விலைக்குப் போகும் சேவல்கள் இவை. அழகுக்காகவே வளர்ப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மூக்கும் வாலும் மட்டுமே கணக்கு என்றாகிவிட்டால், அடை காக்கும் குணமும் நோய் தாங்கும் உடம்பும் கணக்கில் வராமல் போய்விடும்.

கட்டுக்காரருக்கும் சரி, கண்காட்சிக்காரருக்கும் சரி, வேண்டியது சேவல். குஞ்சு இறக்கும் வீட்டுக்கு வேண்டியதோ அடைக்கு உட்காரும் நல்ல தாய். இந்த இனம் இதுவரை நிலைத்திருப்பதற்குக் காரணம் அந்த வீடுகள்தான். தீபாவளிக்கு இரண்டு சேவல், பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று என்று விற்றுக் காசாக்கும் அந்த அம்மாவுக்குத் தன் பெட்டைமேல் இருக்கும் நம்பிக்கை குறையாதவரை அசிலும் இருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு...

அய்யலூர் சந்தை வியாழக்கிழமை மட்டும்தான். இருட்டோடு போய்ச் சேர்ந்தால் முழுச் சந்தையையும் பார்க்கலாம், வெயில் ஏறிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் நெரிசல் அதிகம். திண்டுக்கல்-திருச்சி வழியில் எல்லாப் பேருந்தும் அய்யலூரில் நிற்காது, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதன்முதலாக வளர்க்க நினைப்பவர்கள் சந்தையில் சேவலின் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட வேண்டாம். கூட்டத்தில் நிற்கும் கோழிக்கு எந்த நோய் தொற்றியிருக்கிறது என்று தெரியாது. வாங்கி வந்தாலும் இரண்டு வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே வீட்டுக் கோழிகளோடு சேர்க்க வேண்டும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சேவல் கொண்டு வந்தவரோடு பேச்சுக் கொடுத்து, "தாய்க்கோழியைப் பார்க்கலாமாண்ணே?" என்று கேளுங்கள். அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனால், அங்கே அடைக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் நான்கு அடை முட்டை கேளுங்கள். சேவலின் விலையில் ஒரு துளிதான் ஆகும். மிச்சத்தை 21 நாள் பொறுமையும் ஒரு நல்ல அடைக்கோழியும் பார்த்துக்கொள்ளும்.